நாகலூர் வளைவில் அறுந்த அழைப்பு

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் தம்பி தங்கைகளே, முதல் காரியமாக என்னைச் சந்தேகப்படுங்கள். ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் பேச உட்கார்ந்தால் பாதி புளுகு கலந்திருக்கும். தற்செயலாகத் தப்பித்ததை எல்லாம் திட்டம் போட்டுச் செய்தேன் என்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவள்தான். ஆனால் ஏற்காட்டில் மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவளிடம் "எங்களுக்காக எழுதுங்கள்" என்று கேட்டது நீங்கள். மாட்டிக்கொண்டீர்கள், படியுங்கள்.

நான் பிறவிச் சந்தேகக்காரி. என் அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவேன், எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் நங்கை என்னை அறிமுகப்படுத்துவதே இப்படித்தான்: "பாத்துப் பேசுங்க. இவ பால்காரருகிட்டக்கூட மாடு யாருதுன்னு கேப்பா." கேட்பேன்தான். மாடு யாருடையது என்று தெரியாமல் பாலை எப்படி வாங்குவது?

வட ஐரோப்பாவில் குளிர் மிகுந்த ஒரு நகரத்தில் நெடுங்காலம் மென்பொருள் வேலை பார்த்தேன். அந்த ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்கே நர்ஸுகள் போய் ஊசி போடுவார்கள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவார்கள். எந்த நர்ஸ் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அவர்கள் கைபேசியில் காட்டுவது எங்கள் மென்பொருள். எழுதியதில் ஒரு பிழை இருந்தால் யாரோ ஒரு கிழவிக்கு அன்றைக்கு ஊசி கிடையாது. அதனால் என் சந்தேகப் புத்திக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது.

போன புதிதில் ஒரு கூட்டம் நடந்தது. வெள்ளைக்காரர்கள் வரிசையாகப் பேசினார்கள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கூட்டம் முடிந்ததும் எங்கள் குழுவில் இருந்த தமிழர் ஒருவர் என்னைக் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மடக்கினார். சென்னைக்காரர். நாங்கள் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். இங்கேயும் பெயர் வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுதுங்க."

"பொய் சொல்லாத. எனக்கே பாதி புரியல." காபியை என் கையில் கொடுத்தார். "சந்தேகம் வந்தா மனசுல வச்சுப் பூட்டாதம்மா. அங்கேயே கேட்டுடு. இந்த ஊர்ல கேக்கறவனை முட்டாள்னு நெனைக்க மாட்டான். கேக்காம செஞ்சுட்டு முழிக்கிறவனைத்தான் நெனைப்பான்."

அவர்தான் எனக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தார். கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும், பனியில் வழுக்காமல் எப்படி நடப்பது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். முதல் குளிர்காலத்தில் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அழுதபோது அவர் வீட்டில் கூப்பிட்டு ரசம் சாதம் போட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். ஒரு முறை, மென்பொருளில் பிழை வந்தால் அடிக்கும் எங்கள் எச்சரிக்கை மணி பல வாரங்களாக ஒலிக்கவே இல்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று மற்றவர்கள் கேக் வெட்டினார்கள். வீட்டில் குழந்தை சத்தமில்லாமல் இருந்தால் அம்மாக்காரி என்ன செய்வாள்? எழுந்து போய்ப் பார்ப்பாள். நானும் போய்ப் பார்த்தேன். மணியே செத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு "அந்த அம்மா தூங்கும்போதும் ஒரு கண் திறந்திருக்கும்" என்று பேர் வந்தது. நான் மறுக்கவில்லை.

பதவி உயர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே பாதிப் பேர் படிக்கிறீர்கள். "உன்னை விட்டால் இதைச் செய்ய ஆளில்லை" என்று மேலாளர் சொன்னால் உச்சி குளிர்ந்துவிடாதீர்கள். வாய்ப்பேச்சில் சர்க்கரை போட யாருக்கும் செலவில்லை. எனக்கும் அப்படிச் சொல்லிச் சொல்லியே வேலையை ஏற்றினார்கள். ஒருநாள் நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்: "ஆளில்லை என்றால் குழுத்தலைவர் பதவியும் எனக்குத்தானே?" மேலாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அடுத்த வருஷம் கொடுத்தார். கேட்காதவர்களுக்கு அங்கே எதுவும் தானாக வராது. நம் ஊர் நல்ல பிள்ளைகள் காத்திருந்து காத்திருந்தே நரைத்துப் போகிறார்கள்.

இனி பிரபு கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுதவே ஒப்புக்கொண்டேன்.

பிரபு குப்பனூர்ப் பையன். எங்கள் மலைக்கு ஏறும் இரண்டாவது பாதையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். அவன் அப்பா மலைமேல் ஒரு காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். அவ்வளவு தூரம் போய் நம் மலையடிவாரத்துப் பையனைக் குழுவில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கெட்டிக்காரன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன். புதிதாகச் சேர்ந்ததால் இன்னும் சோதனைக் காலத்தில் இருந்தான். அங்கே சோதனைக் காலத்தில் வேலை போனால் விசாவும் கூடவே போகும். மூட்டை கட்ட வேண்டியதுதான். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆக வேலை போனால் அவன் ஒரு பக்கம், பிள்ளைத்தாய்ச்சி ஒரு பக்கம்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த நாட்டுக்காரனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான், அவனுக்குத் தோன்றவே தோன்றாது. புதுப் பையன் திணறினால், மூத்தவர்கள் அவனுடைய கடவுச்சொல்லை வாங்கி, அவன் பேரிலேயே நுழைந்து, அவன் வேலையை முடித்து வைப்பார்கள். கணக்கில் அவன் செய்ததாக ஏறும். பையனுக்கு நல்ல பேர், சோதனைக் காலம் தாண்டிவிடுவான். இதற்குக் "கை கொடுப்பது" என்று பேர். பாசத்தில் செய்வதுதான். நான் இதைத் தடுத்திருந்தேன். எல்லாரும் தலையை ஆட்டியிருந்தார்கள்.

அதோடு எங்கள் அலுவலகத்தில் நாலு கண் விதி என்று ஒன்று இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் அது நர்ஸுகளின் கைபேசிக்குப் போகும். எழுதுகிறவருக்கு இரண்டு கண், பார்க்கிறவருக்கு இரண்டு கண்.

அந்த வருஷம் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நான் விடுப்பில் வந்திருந்தேன். எங்கள் வீடு நாகலூர்ப் பக்கம். காபித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் இருப்பதால் வீட்டுக்குள் சிக்னல் வராது. ரோட்டுக்கு வந்து, பஸ் நிற்கும் வளைவில் நின்றால்தான் கொஞ்சம் கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மல்லித்தழை வாங்கப் போனவள் அந்த வளைவைத் தாண்டும்போது போன் அலறியது. மேலாளர்.

"விடுமுறையில் தொந்தரவு செய்கிறேன், மன்னிக்க வேண்டும்" என்று ஆரம்பித்தார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மாற்றம் வெளியே போயிருக்கிறது. அதனால் சனிக்கிழமை விடிகாலைச் சந்திப்புகளில் சில, நர்ஸுகளின் கைபேசியில் வராமலே போய்விட்டன. இன்சுலின் போட வேண்டிய ஒரு பாட்டிக்கு நர்ஸ் போகவில்லை. சமையலறையில் மயங்கிக் கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். மாற்றத்தை எழுதியது பிரபு என்று பதிவாகியிருந்தது. பார்த்துச் சரி சொன்னவர் பெரியவர்.

"நீ கவலைப்படாதே. எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரே ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பு. பிரபுவுக்கு விதிகள் எல்லாம் முறையாகச் சொல்லித்தரப்பட்டன என்று."

அந்த வரி உண்மை. நானேதான் சொல்லித்தந்தேன். உண்மையை எழுதச் சொல்லி ஒரு மனுஷன் ஏன் இவ்வளவு குழைய வேண்டும்? யோசித்துப் பார்த்தேன். அந்த வரி கையில் இருந்தால் தப்பு பையனுடையது என்று திங்கட்கிழமையே கோப்பை மூடிவிடலாம். "சிக்னல் சரியில்லை, திங்கட்கிழமை பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன்.

தம்பிகளே, பொய்யை எழுதச் சொன்னால் நீங்களே உஷாராகிவிடுவீர்கள். உண்மையை எழுதச் சொல்லும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். அது யார் கழுத்துக்குக் கயிறு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்காமலே வைத்துவிட்டது அப்புறம்தான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். கண் விழித்துவிட்டார் என்றார்கள். பெருமூச்சு விட்டேன்.

அடுத்து பிரபுவைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே எடுத்தான்.

"அக்கா, நான் செய்யலீங்க."

"உன் பேர்ல இருக்குது சாமி."

"பேரு என்னுதுதானுங்க. ஆனா நான் செய்யலீங்க."

"அப்ப யாரு செஞ்சது?"

பேச்சே இல்லை. நான் அவனை நம்பவில்லை. மடியில் கனம் இல்லாதவன் ஏன் வாயை மூடிக்கொள்கிறான் என்றுதான் நினைத்தேன். மேலாளர் மேலும் சந்தேகம், இவன் மேலும் சந்தேகம். பெரியவர் மேல் மட்டும் எனக்கு இம்மி அளவும் சந்தேகம் வரவில்லை. அவர் சொல்லித்தந்த புத்தியாயிற்றே இது!

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பிரபுவின் அப்பா வந்து இறங்கினார். தோளில் ஒரு பலாப்பழம். வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, பையன் போன்ல ஒரே அழுவாச்சிங்க. ஊட்டுல அவங்கம்மா நேத்திருந்து சோறு திங்கல. என்ன ஏதுன்னும் சொல்ல மாட்டேங்கறான். நீங்கதான் அவனுக்குத் தலைவருன்னு சொன்னானுங்க. அவனத் திருப்பி அனுப்பிப் போடுவீங்களா?"

"உக்காருங்கண்ணா. அப்படியெல்லாம் பேசாதீங்க."

நங்கை காபி கொண்டுவந்தாள். அவர் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"அங்கே அவனுக்கு யாருமில்லீங்க. நீங்க, அப்புறம் அந்தப் பெரியவரு. அவரு நொம்ப நல்லவருங்க. தெய்வம்னே சொல்லுவான். வெள்ளிக்கிழமகூட மருமகள ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போகோணும், வேல முடியலன்னு பையன் முழிச்சிட்டு நின்னானாமுங்க. 'நீ போ, உன் வேலைய நான் முடிச்சு வெக்கிறேன்'னு அவரே அனுப்பி வெச்சாராமுங்க. இந்தக் காலத்துல யாருங்க அப்புடிச் செய்வாங்க?"

நன்றியோடுதான் சொன்னார் மனுஷர். நான்தான் மனசுக்குள் வெள்ளிக்கிழமையைக் கூட்டிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பையன் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். பெரியவர் அவன் பேரில் நுழைந்து எழுதியிருக்கிறார். அப்புறம் தன் பேரில் வந்து, தான் எழுதியதைத் தானே பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார். நாலு கண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது இரண்டு கண். நல்ல மனதோடு செய்த காரியம், ஒரு பாட்டியைத் தரையில் கிடத்திவிட்டது. பையன் வாயைத் திறக்க முடியாததும் இப்போது விளங்கியது. "நான் இல்லை" என்று சொன்னால் "கடவுச்சொல்லைக் கொடுத்தேன்" என்றும் சொல்ல வேண்டும். கொடுத்ததே வேலை போகிற குற்றம். தெய்வத்தையும் காட்டிக்கொடுக்க வேண்டும்.

"காபியக் குடிங்கண்ணா. உங்க பையன் பொய் சொல்லல" என்றேன். அதற்குப் பிறகுதான் குடித்தார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு, அந்த வளைவிலேயே நின்று பெரியவரைக் கூப்பிட்டேன்.

"லீவுல நிம்மதியா இரும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"என்னங்க பாத்துப்பீங்க? எழுதினதும் நீங்க, பாத்ததும் நீங்க. சொல்லிட்டீங்களா?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"அவனுக்காகத்தாம்மா செஞ்சேன்."

"தெரியுமுங்க. சொல்லிட்டீங்களா?"

"எனக்கு நிரந்தரக் குடியுரிமை முடிவாகிற நேரம். இந்த வயசுல வேலை போனா யாரு எடுப்பா? அவன் சின்னப் பையன், வேற எங்கயாவது கெடைக்கும். சமயம் பாத்து நானே அவனுக்கு ஒரு வழி பண்றேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவளை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? ரசம் சாதம் போட்ட கையும் இதே கைதானே என்றும் நினைத்துக்கொண்டேன். "நாளைக்குக் கூட்டத்துல நீங்களே சொல்லிருங்க. இல்லீன்னா நான் சொல்லுவேன்" என்று வைத்துவிட்டேன்.

பிரபுவிடம் சொன்னேன்: "கடவுச்சொல்லக் குடுத்தேன்னு நீயே முதல்ல சொல்லிரு கண்ணு. யாருக்குன்னு நீ சொல்ல வேண்டாம். உன் தப்ப மட்டும் சொல்லு. என் குழுவுல இப்படி நடந்ததுக்கு நானும் பொறுப்புன்னு மேலாளருக்கு நான் எழுதறேன்." எழுதினேன். அவர் கேட்ட அந்த வரியை எழுதவில்லை.

திங்கட்கிழமை அவர்களுக்குக் காலை, நமக்கு மதியம். ஏற்காட்டில் கடைகள் இருக்கும் ஒண்டிக்கடை நாற்சந்தி வரை போய் ஏதாவது ஓட்டலில் உட்கார்ந்து பேசலாம் என்று கிளம்பினேன். கோடை விழாக் கூட்டம், கார்கள் நகரவே இல்லை. பாதியில் இறங்கித் திரும்பி வந்து அந்த வளைவிலேயே நின்றுகொண்டேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்தேன்.

பிரபு பேசினான். மறைக்காமல் சொல்லிவிட்டான். கடவுச்சொல்லைக் கொடுத்தேன், வெள்ளிக்கிழமை மதியம் மனைவியோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று. "யாரிடம் கொடுத்தாய்?" என்றார் மேலாளர். அவன் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். சொல்லவில்லை. பெரியவர் குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள், அவ்வளவுதான்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "அது யார் என்று எனக்குத் தெரியும்."

மலைமேல் ஒரு இடி இறங்கியது. போன் செத்துவிட்டது. எங்கள் ஊரில் மழை இறங்கினால் டவர் படுத்துக்கொள்வது புதிதல்ல. ஆனால் அன்றைக்கு வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் ரோட்டில் நின்று கொட்டினேன். பக்கத்தில் ஒதுங்கி நின்ற அம்மா ஒருத்தி, "ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?" என்று கேட்டாள்.

மழை விட்டு சிக்னல் வந்தபோது மேலாளரின் செய்தி காத்திருந்தது. பெரியவர் ஒப்புக்கொண்டுவிட்டார். பிரபுவுக்கு எச்சரிக்கை மட்டும், வேலை போகாது.

பெரியவரை எங்கள் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். குடியுரிமை தள்ளிப்போனது. சில மாதங்களில் அவரே வேறு ஊரில் சின்ன வேலை ஒன்று தேடிக்கொண்டு போனார். போகும்முன் என் மேசைக்கு வந்து நின்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "நல்லாருங்க" என்றேன். நான் வாயைத் திறந்ததும், இனி மறைக்க முடியாது என்று முந்திக்கொண்டு ஒப்புக்கொண்ட மனுஷன்தானே? அகப்பட்ட பிறகு யார்தான் உண்மை பேச மாட்டார்கள்? அந்த எண்ணத்தோடுதான் இத்தனை வருஷம் இருந்தேன். பண்டிகைக்கு அவர் அனுப்பும் வாழ்த்துக்கு ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

போன மாதம் பிரபு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தான். இப்போது அவன்தான் அந்தக் குழுவுக்குத் தலைவன். மகள் ஓடி ஓடிக் காபிப் பழத்தைப் பறித்து வாயில் போட்டுத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் உங்களத்தான் சந்தேகப்பட்டனுங்க அக்கா" என்றான் சிரித்துக்கொண்டே. "கடவுச்சொல்லக் குடுத்தேன்னு சொல்லச் சொல்றாங்களே, நம்மள வேலய விட்டுத் தூக்கத்தான் ஐடியா குடுக்கறாங்களோன்னு."

"அப்புறம் ஏன்டா சொன்னே?"

"நானும் பொறுப்புன்னு எழுதறேன்னு சொன்னீங்கல்ல. தனக்குக் கெடுதல் வர்ற மாதிரிப் பேசறவங்க ஏமாத்த மாட்டாங்கன்னு தோணுச்சுங்க. பெரியவரையும் அப்புறம் அதுனாலதான் மன்னிச்சேன்."

"அவரை எதுக்கு மன்னிக்கிறது? நான் சொல்லப் போறேன்னு தெரிஞ்சதும் முந்திக்கிட்டாரு."

பிரபு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீங்க எங்கீங்க சொன்னீங்க? ஒண்ணுமே கேக்கலீங்களே. அவரு பேர நான் ரெண்டாவது வாட்டியும் சொல்லாம நின்னேன் பாருங்க, அப்பவே உங்க லைன் கட்டாயிருச்சுங்க. திரையில உங்க பேரே இல்ல. மேலாளரு 'சரி, அப்ப பொறுப்பு பிரபுதான், முடிச்சுக்கலாம்'னு எந்திரிச்சாருங்க. அப்பத்தான் பெரியவரு, 'உக்காருங்க, எழுதினது நான்'னு சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க."

லைன் போனது தெரியாமல் நான் பேசியிருக்கிறேன், அவர்களுக்கு நான் கேட்கவில்லை. போன் எப்போது செத்ததோ, என் குரல் அதற்கு முன்பே அங்கே செத்துவிட்டிருக்கிறது. அவர் வாயை மூடிக்கொண்டு எழுந்திருந்தால் அன்றைக்குக் கூட்டம் முடிந்திருக்கும்.

சந்தேகக்காரி அத்தோடு விடுவாளா? பிரபு குடும்பத்தை ஒண்டிக்கடையில் விட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில் அந்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பெரியவரைக் கூப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குரல் தளர்ந்திருந்தது.

"நான் லைன்ல இல்லைன்னு அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தெரியுமேம்மா. உன் பேர் திரையிலிருந்து போனதைப் பாத்தேனே." அவரே தொடர்ந்தார்: "நிஜத்தைச் சொல்லணும்னா, தப்பிச்சோம்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் அந்தப் பையன் மொகத்தைப் பாத்தேன்."

"நீங்களா சொன்னீங்கன்னு ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

நான் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டேன். எல்லாரிடமும் எதையும் கேட்டவள், பால்காரரிடம் மாடு யாருடையது என்று கேட்டவள், இந்த ஒரு மனுஷரிடம் மட்டும் கேட்காமல் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

"அழறியா? மழை வரப் போகுதா அங்க?" என்றார்.

"இல்லீங்க. இன்னிக்குச் சிக்னல் நல்லா இருக்குது. பேசுங்க" என்றேன்.